காயவிடக் கூடாத ஊசிகள்

அக்காவை வீட்டில் உடும்பு என்றுதான் கூப்பிடுவோம். பிடித்த பிடியை விடமாட்டாள், அது தப்பான பிடியாக இருந்தாலும். ஊசி செய்வது அவள் வேலை. தைக்கிற ஊசி இல்லை. சுண்டுவிரல் நகம் அளவு சிலிக்கான் சில்லில், தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் கிடைக்கும் தடிமனில், ஊசிகளை நெருக்க நெருக்கமாக நிறுத்துவாள். அதன் மேல் உயிருள்ள இதய செல்லை உட்கார வைத்தால், துடிக்கும்போது உள்ளே ஓடும் மின்சாரத்தை ஊசி பிடித்துச் சொல்ல வேண்டும்.

ஊசி வாயே திறக்கவில்லை. மாதக்கணக்கில் திரையில் நேர்கோடுதான். பழி, செல் வளர்க்கிற பெண்ணின் தலையில் விழுந்தது. செல்காரி என்று அவளுக்குப் பெயர். அவள் கையில் வளர்வதெல்லாம் நோஞ்சான் என்றார்கள். என் அக்கா மகா சுத்தக்காரி, அதனால் அவளை யாரும் சந்தேகிக்கவில்லை. அவளும் சும்மா இருந்தாளா? தன் ஊசியில் குறையே கிடையாதென்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினாள். கடைசியில் ஆய்வகத் தலைவர், அடுத்த சோதனையும் தோற்றால் செல்காரியை அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவளோ கைக்குழந்தைக்காரி.

தன் பக்கம் சரி என்று அடித்துச் சொல்லத்தான், கொடுக்கத் தயாராக இருந்த சில்லு ஒன்றை அக்கா எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தாள். வழக்கமாகக் கழுவுவதற்கு முன்பே பார்த்துவிடுவாள். கழுவிப் பொட்டு ஈரமில்லாமல் உலர்த்திய பிறகு பார்த்ததே இல்லை. பார்த்தால், ஊசிகள் நுனியோடு நுனி ஒட்டிக் கொத்துக் கொத்தாகச் சாய்ந்து கிடந்தன. காய்ந்த தண்ணீர், போகிற போக்கில் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துவிட்டிருந்தது. சாய்ந்த ஊசி செல்லுக்குள் எப்படி இறங்கும்?

சத்தமில்லாமல் புதுசு செய்து கொடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். என் புத்தி அவ்வளவுதான். என்னை ஒரு முறை முறைத்தாள். மறுநாள் காலை செல்காரியையும் இழுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போய் நின்றாள்.

"இத்தனை நாளா கெடுத்தது நான்தான் சார். இவ செல்லு நல்லாத்தான் இருந்துச்சு."

தலைவரிடம் கண்டபடி பேச்சு வாங்கினாள். இன்னும் ஒரே தடவைதான் என்றார் அவர். மறுபடி முதலிலிருந்து செய்தாள். இந்த முறை கழுவிய சில்லைக் காற்றே படவிடாமல், தண்ணீரிலிருந்து ஆல்கஹாலுக்கும், அதிலிருந்து செல்லுக்கு உணவான திரவத்துக்கும் மாற்றி, முழுகிய நிலையிலேயே செல்காரியிடம் கொடுத்தாள்.

செல் உட்கார்ந்தது. கோடு துள்ளியது. மறுபடியும் துள்ளியது. எல்லாரும் கை தட்டினார்கள். செல்காரி மட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நானே நம்பிட்டேன்க்கா. குழந்தையத் தூக்கக்கூட பயமா இருந்துச்சு."

இதை என்னிடம் சொல்லும்போதுதான் அக்கா அழுதாள்.