கயிற்றுக்கு மேலே ஒரு குரல்

பச்சை இலை எரியும் புகை... அதற்குள் சாராய நெடி. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இந்த வயசிலும் உள்ளங்கை வியர்த்துவிடும்.

எழுத்து தெரியாதவன் நான். போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

நாங்கள் பச்சமலைச் சனங்கள். பாறைத்தேன் எடுக்க இறங்கினால், மேலே கயிறு பிடிக்கப் பெண்டாட்டியோட தம்பிதான் வரவேண்டும். அக்கா தாலி அவன் கையில் அல்லவா! தொங்குகிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது. அதனால் மச்சான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இறங்குமுன் பாறைச்சாமிக்கு ஒரு சிரட்டை சாராயம் தெளிப்போம். அவ்வளவுதான். அப்புறம் அடிவாரத்திலிருந்து தேன் வியாபாரி வர ஆரம்பித்தார். "சாமிக்குத்தானே, வெச்சுக்குங்க" என்று கேனோடு கொடுத்தார். சாமிக்குப் போக மிச்சமெல்லாம் என் மச்சான் சடையனுக்கு.

ஒரு நாள் பாதிப் பாறையில் தொங்குகிறேன். இலைப்புகை போட்டு விரட்டியும் காதைச் சுற்றித் தேனீ. மேலே பேச்சைக் காணோம்.

"மச்சான்... தூங்கிட்டியாடா?"

"தூங்கல மாமா. சாமிகிட்ட பேசிட்டிருக்கேன்."

"சாமி அப்புறம் பேசிக்கும். நீ என்கிட்ட பேசுடா!"

சிரித்தான். நாக்கு குழறிய சிரிப்பு. அதுவும் நின்றது. கயிறு சரக்கென்று ஒரு முழம் இறங்கியது...

கூப்பிட்டேன். பாறை என் குரலைத்தான் திருப்பிக் கொடுத்தது.

கயிற்றை இழுக்கப் பயம். பாறை வெடிப்பில் விரலைச் செருகிச் செருகி ஏறினேன். மேலே வந்து பார்த்தால், கயிற்று நுனியை மரத்தில் கட்ட மறந்திருக்கிறான். கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, விளிம்புக் கல்லில் காலை உதைத்தபடி தூங்குகிறான். இன்னும் ஒரு சாண் சரிந்திருந்தால் இரண்டு பேரும்...

அடிக்கக் கை ஓங்கினேன். முடியவில்லை. அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பாறை அவனை விட்டது. குடி விடவில்லை. தலை நரைக்குமுன்னே போய்விட்டான்.

இப்போது தேனுக்கு யாரும் இறங்குவதில்லை. மலைக்குத் தார் ரோடு வந்துவிட்டது. என் மகன் டவுனில், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். சனிக்கிழமை சாயங்காலம் அடிவாரத்துப் பிராந்திக் கடையில் நின்றுவிட்டு, பைக்கில் வளைவுகளில் ஏறி வருவான். போன் போடுவேன்.

"எங்கடா இருக்க?"

"வந்துட்டே இருக்கேன்ப்பா... நீ படு."

அதே குழறல்.

"வண்டிய ஓரங்கட்டுடா. அப்பாகிட்ட பேசிட்டே இரு..."

கட் பண்ணிவிடுவான். கடைசி வளைவில் லைட் தெரியும்வரை ரோட்டோரம் நிற்பேன்.

சடையன் அத்தனை போதையிலும் கயிற்றை இடுப்பில் சுற்றியிருந்தான். இன்று மேலே நிற்பவன் நான். கையில் போன்தான் இருக்கிறது... கயிறு இல்லை.