கடலுக்கு வந்த நூல் கயிறு

எங்கள் ஊர் திருத்தணி. மலைமேல் கோயில் வாசலில் நின்று பார்த்தால் கீழே ஊர், ரயில் தண்டவாளம், ஏரி, அதற்கப்பால் ஆந்திரப் பக்கத்து மலைகள் வரைக்கும் தெரியும். உலகத்தில் அதைவிடப் பெரிதாகப் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது என்று எட்டு வயதுவரை நான் உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவர் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. சென்னையில் கார் மெக்கானிக். ஒரு கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர், எங்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "இன்னா பாவா, இத்தினி கிட்ட இருந்துகினு புள்ளைங்க இன்னும் கடலே பாக்கலைன்றீங்க?" என்று அவர் கேட்டபோது, அடுக்களையிலிருந்து அம்மா வேகமாக வந்தாள். சுனாமி வந்துபோய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தொலைக்காட்சியில் அதைப் பார்த்ததிலிருந்து, கடல் என்ற சொல்லே அம்மாவுக்கு ஆகாது. போவதென்றால் போகலாம், ஆனால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், தான் தண்ணீர்ப் பக்கமே வரப்போவதில்லை என்று சபதம் போட்டுவிட்டுத்தான் சம்மதித்தாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கைலி நெய்கிறவர். அவர் கொடியிலிருந்து ஒரு கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். தறியில் மிஞ்சுகிற நூலை முறுக்கிக் கயிறு திரித்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். துணி காயப்போடுவது, சைக்கிளில் மூட்டை கட்டுவது எல்லாம் அந்தக் கயிற்றில்தான். பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாக, பார்த்தாலே நெசவுக்காரன் வீட்டுக் கயிறு என்று தெரிந்துவிடும். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கயிறு எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாமாவின் பைக்கில் எதையோ கட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகாபலிபுரம் போகிற சாலையில் இருந்தது அந்தக் கடற்கரை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்றே பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். மணல் சுத்தமாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஊஞ்சல், உட்கார மூங்கில் குடைகள், யாராவது ஆழத்துக்குப் போனால் விசில் ஊத ஓர் ஆள். ஆனால் நாங்கள் மானத்தை வாசலிலேயே விட்டுவிட்டோம். எங்கள் ஊரில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஒரு பக்கமாகப் போனால், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பின்னால் போவோம். பழக்க தோஷம்! சாலையோரத்திலேயே நான்கு ஜோடியையும் வரிசையாக விட்டுவிட்டு மணலில் கால் வைத்தோம். வெயிலில் காய்ந்த மணல் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருந்தது. நைனா என் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓட, அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓட, மாமா மட்டும் செருப்போடு சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

அப்படிக் குதித்துக்கொண்டே ஓடியபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கால் சுட்டது மறந்துபோயிற்று.

எதிரே எதுவுமே இல்லை. மலை இல்லை, மரம் இல்லை, அந்தப் பக்கத்துக் கரை இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்து, வானம் வந்த இடத்தில் வேறு வழியில்லாமல் நின்றது. அதிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து, எங்களைப் பார்த்தே வருவதுபோல அலைகள் வந்தன. இவ்வளவு பெரியது இத்தனை நாளாக இங்கேயே இருந்திருக்கிறது, நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோதும் இது இப்படியே சத்தம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. "நைனா, ராத்திரி கூட நிக்காதா இது?" என்று கேட்டேன். "ஆங், நிக்காது" என்றார் நைனா. அவர் குரலும் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. அவரும் கடலை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மா குளத்தைக் கும்பிடுவதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு மூங்கில் குடைக்கடியில் புளிச்சோற்று டப்பாவோடு உட்கார்ந்துவிட்டாள்.

நைனா பையிலிருந்து கயிற்றை எடுத்தார். எங்கள் இருவரையும் கையைத் தூக்கச் சொல்லி இடுப்பில் கட்டினார். கயிற்றின் மறுபக்கத்தைத் தன் இடுப்பில் கட்டி, ஒன்றுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டார். கட்டியதுபோக மிச்சம் அவருக்குப் பின்னால் மணலில் கிடந்தது.

எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. சுற்றிலும் பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் சோப்புக் குமிழி ஊதுவதைக்கூட நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். சுண்டல் விற்றுக்கொண்டு வந்தவர், "இன்னா சார், மேய்ச்சலுக்கு ஓட்டிகினு வந்தீங்களா?" என்று கேட்டார். நைனாவும் சிரித்தார், ஆனால் அவிழ்க்கவில்லை. "அவுத்து உடு நைனா" என்று கெஞ்சினேன். "கட்டிகினு போறதுன்னா போ. இல்லன்னா அம்மாகிட்ட குந்திக்க" என்றார். முன்னால் அவ்வளவு பெரிய கடல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரால் போய்க் குந்த முடியும்? வெட்கத்தை விழுங்கிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினேன்.

கணுக்கால், முழங்கால் என்று தண்ணீர் ஏறியது. அலை திரும்பும்போது காலுக்குக் கீழே மணல் நழுவியது. பூமியே என்னை விட்டு எங்கோ போகிறது போலிருந்தது. நான் கூச்சல் போட்டேன், தம்பி கூச்சல் போட்டான். கயிறு இருப்பதே மறந்துபோன நேரத்தில், மற்றவற்றைவிட உயரமாக ஓர் அலை எழுந்து வந்தது. அதன் பச்சை வயிற்றுக்குள் வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அது எங்களைப் புரட்டி உள்ளே இழுத்தது.

வயிற்றில் கயிறு இறுகியது. எழுந்து கண்ணைத் திறந்தபோது, நைனா முழங்காலில் விழுந்து, இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் கயிற்றைச் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. தம்பி உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "இன்னோர் வாட்டி!" என்றான். என் பயம் வேறு. இதோடு ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிடுவாரோ என்று நைனாவையே பார்த்தேன்.

மாமா ஓடி வந்தார். "பாவா, அந்தக் கொடைக் கம்புல கட்டிட்டு நிம்மதியா குந்துங்களேன். உங்களுக்கு நீச்சலே தெரியாது. பெரிசா ஒண்ணு வந்தா உங்களையும் சேத்து இஸ்துகினு பூடும்."

நைனா மூச்சு வாங்கிக்கொண்டு, "அதுக்குத்தான் இடுப்புல கட்டிகினேன்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "போங்க, இன்னும் கொஞ்ச நேரம் ஆடுங்க" என்று சொல்லிவிட்டு, ஈர மணலில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்துகொண்டார்.

நைனாவுக்கு எதுவும் தெரியவில்லை, கம்புதானே பலம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கடல் கிடைத்த சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை.

குடைக்கடியில் இருந்த அம்மாவுக்கு அந்தப் பேச்சு கேட்டிருக்க வேண்டும். டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். தண்ணீர் காலைத் தொட்டபோதும் நிற்கவில்லை. நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் பின்னால் கிடந்த கயிற்றின் மிச்சத்தை எடுத்து, தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். நைனா திரும்பி அவளைப் பார்த்தார்.

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அம்மாவும் வெளாட வந்துட்டாங்கடா!" என்று தம்பியிடம் கத்திக்கொண்டே, அடுத்த அலையைப் பார்த்து ஓடினேன்.