சீன வைத்திய முகாமில் பேச்சியம்மாள்

1. பொம்பளைச் சமாச்சாரம்

இலவச மருத்துவ முகாம் செய்திக்கு எந்த நிருபரும் போட்டி போட மாட்டார். குத்துவிளக்கு, சால்வை, 'ஏராளமானோர் பயனடைந்தனர்'. நேரில் போகாமலே எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் விருதுநகரில் ஒரு நாளிதழின் நிருபர். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். ஒரு நாள் காலை தலைமை நிருபர் ஒரு நோட்டீஸை என் மேஜையில் போட்டார். பெண்களின் ஹார்மோன் கோளாறுகளுக்குச் சீன மருத்துவத்தில் முழுமையான தீர்வு, பக்கவிளைவு கிடையாது என்றது நோட்டீஸ். மாதவிலக்குக் கோளாறு, நீர்க்கட்டி, தைராய்டு, குழந்தையின்மை, முகப்பரு, மனக்கவலை எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. கீழே 'சீன மருத்துவ நிபுணர்' என்று ஒருவருடைய பெயர், பக்கத்தில் ஒரு டிராகன்.

"பொம்பளைச் சமாச்சாரம்மா. நீங்களே போயிட்டு வந்துருங்க."

"இவரு டாக்டரா சார்?"

"அரைப்பக்கம் விளம்பரம் குடுத்திருக்காரு. டாக்டராத்தான் இருப்பாரு."

அவர் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

2. சிறுநீரகத்தில் குளிர்

சிவகாசிக்குப் பக்கத்தில், விஸ்வநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஏற்பாடு செய்தவர் ஒரு பட்டாசு கம்பெனி முதலாளியின் மனைவி. கம்பி மத்தாப்பு ஷெட்டில் வேலை பார்க்கும் பெண்களை ஷிப்டு முடிந்த கையோடு கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார். வழக்கமாக அவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அன்று அதற்கும் நேரம் விடவில்லை. கையிலும் சேலையிலும் சாம்பல் நிறத்தில் அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது.

நிபுணர் வெள்ளைக் கோட்டில் இருந்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"சக்திக்கு எல்லை கிடையாது மேடம். அதைப் படிக்கச் சீனாவுக்குத்தான் போகணும்னு இல்லை" என்றார். முன்பு அவர் காந்தப் படுக்கை விற்றுக்கொண்டிருந்தார் என்ற தகவலை அவருடைய உதவியாளரே பெருமையாகச் சொன்னார்.

வைத்தியம் எளிமையானது. நாக்கை நீட்டச் சொல்வார், மணிக்கட்டில் நாடி பார்ப்பார். கல்லீரலில் சக்தி தேங்கியிருக்கிறது, சிறுநீரகத்தில் குளிர் தங்கியிருக்கிறது, அதனால் ஹார்மோன் தடுமாறுகிறது என்பார். முதல் பெண்ணுக்கும் இதுதான், இருபதாவது பெண்ணுக்கும் இதுதான். ஊசி குத்திக்கொண்டதில் முட்டி வலி குறைந்தது என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நோயைக் கண்டுபிடித்த ஆளைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

வரிசையில் சண்முகத்தாய் என்ற மூத்த தொழிலாளி இருந்தார். சித்திரை வெயில் தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

"குளிரா? இந்த ஊருலயா? எங்கனய்யா இருக்கு, கொஞ்சம் வெளிய எடுத்து விடுங்க, விசிறிக்கிடுதோம்."

பெண்கள் சிரித்தார்கள். நிபுணர் சிரிக்கவில்லை.

3. பேச்சியம்மாள் கேட்ட அனுமதி

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பேச்சியம்மாள். முப்பது வயது இருக்கும். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. தைராய்டு குறைவாகச் சுரந்ததில் மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது என்று அரசு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். இப்போது மாதாமாதம் ஒழுங்காக வருகிறது என்றாள்.

"பெறகு இங்க எதுக்கு வந்தீங்க?"

"பிள்ள நிக்கணும்லக்கா. வெம்பக்கோட்டையில எங்க நாத்தனாரு இருக்காக. தம்பிக்கு வேற பொண்ணு பாப்போம்னு பேச ஆரம்பிச்சிட்டாக. இந்த வருசத்துக்குள்ள ஏதாச்சும் ஆகலைன்னா என்னைய வீட்டுல வச்சுப் பாக்க மாட்டாக."

அவள் முறை வந்தபோது நானும் மறைப்புத் திரைக்குள் போனேன். நிபுணர் மாத்திரைப் பட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இன்னைக்கே நிறுத்திருங்க. இங்கிலீஷ் மருந்து உள்ள இருந்தா சக்தி ஓடாது."

"நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

"உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கும் மேடம். நீங்க போட்டோ எடுத்துக்கங்க."

அவளைப் படுக்கவைத்து அடிவயிற்றிலும் கணுக்காலுக்கு மேலும் ஊசிகளைக் குத்தினார். பிறகு சுருட்டுபோல ஒன்றை எடுத்தார். மாக்ஸா என்று பெயர். காய்ந்த மூலிகை இலையைத் தாளில் உருட்டி, நுனியைப் பற்றவைத்து, தோலுக்கு அருகே சூடு காட்டுவார்கள். சிறுநீரகக் குளிருக்கு அதுதான் மருந்தாம். லைட்டரைத் தட்டினார்.

புகை திரையைத் தாண்டியதும் சண்முகத்தாயின் குரல் கேட்டது.

"ஏ, உள்ள தீயப் பத்த வச்சிட்டாகடி! பவுடரோட வந்திருக்கோம், வெளிய வாங்கடி எல்லாரும்!"

நான் திரையை விலக்கிப் பார்ப்பதற்குள் மண்டபம் காலி. தள்ளுமுள்ளு இல்லை, அலறல் இல்லை. முந்தானையைச் சுருட்டி இடுப்போடு இறுக்கிக்கொண்டு, செருப்பைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள்.

"பயப்படாதீங்கம்மா, இது மூலிகை!" என்று நிபுணர் கத்தினார்.

"மூலிகைன்னா தீ சுடாதாக்கும்? அணைங்கய்யா மொதல்ல!" என்று வாசலிலிருந்து பதில் வந்தது.

உள்ளே மாட்டியவள் பேச்சியம்மாள். அவள் சேலையிலும் அதே தூள். உடம்பில் ஊசிகள். நெருப்பு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நான் எந்திரிக்கட்டா சார்?" என்று அனுமதி கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் சண்முகத்தாய் ஒரு வாளித் தண்ணீரோடு திரும்பி வந்து, மாக்ஸா, கை, வெள்ளைக் கோட்டு எல்லாவற்றின் மேலும் சேர்த்து ஊற்றினார்.

"வெடியவே சீனாக்காரந்தான் கண்டுபிடிச்சான்னு சொல்லுதாக. ஒமக்கு இதுகூடச் சொல்லிக் குடுக்கலையாக்கும்?"

இத்தோடு முகாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஈரம் துடைக்கப்பட்டது. வரிசை மறுபடி நின்றது. அதில் சண்முகத்தாயும் நின்றார்.

"நீங்களுமா?" என்றேன்.

"தீதான் அணைஞ்சிருச்சுல்ல. எனக்கு ரொம்ப நாளா வெள்ளைப்படுது. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

தீயைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட நிபுணருக்குத் தெரியாது என்பதை நேரில் பார்த்தவர்கள், கருப்பையைப் பற்றி அவர் சொன்னதை நம்பினார்கள். காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் நிமிர்ந்து பார்க்காமல் சீட்டு எழுதுவார்கள். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்டார். அப்படி யாரும் அவர்களைக் கேட்டதில்லை. அந்த ஒன்றைத்தான் அவர் விற்றார். மற்றதெல்லாம் டிராகன் படம்.

வாசலில் பேச்சியம்மாளைப் பிடித்து, மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஒரு தடவை கேளுங்கள் என்றேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"பெறகு?" என்று கேட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

4. தீப்பிடித்ததா?

மாத்திரையை நிறுத்தச் சொன்னதையும், வெடிமருந்துத் தூளோடு வந்த பெண்கள் நடுவே நெருப்பு வைத்ததையும் எழுதிக் கொடுத்தேன். தலைமை நிருபர் படித்தார்.

"தீப்பிடிச்சுச்சா?"

"இல்ல சார்."

"பெறகு இதுல என்னம்மா செய்தி இருக்கு? பிடிச்சிருந்தா மொதப் பக்கத்துல போட்டிருக்கலாம்."

மறுநாள் வந்தது மூன்று வரி. குத்துவிளக்கு, முதலாளியின் மனைவி, ஏராளமானோர் பயனடைந்தனர். எதிர்ப்பக்கத்தில் நிபுணரின் அடுத்த முகாமுக்கு விளம்பரம்.

5. ஆஸ்பத்திரி வாசல்

மழைக்காலம் தொடங்கியபோது வேறொரு வேலையாகச் சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தப் பரிசோதனை வரிசையில் ஒருத்தி என்னை "அக்கா" என்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கியிருந்தது. குரல் தடித்து, வேறு யாருடையதோ போல இருந்தது. பேச்சியம்மாள்தான்.

மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். மாதவிலக்கு முதலில் நின்றது, பிறகு நிற்காமல் போனது. வேலை இடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் இங்கே கொண்டுவந்தார்கள். மறுபடியும் தைராய்டு மாத்திரை. அளவு சரியாகிற வரை கர்ப்பம் வேண்டாம், பொறுத்திருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

"அந்த ஆளு மேல புகார் குடுப்போமா? நான் எழுதித் தர்றேன்."

"வேண்டாங்க்கா. அவுக மேல தப்பில்ல. எனக்குத்தான் ஒத்துக்கல."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"



"நாத்தனாரு சொல்லிட்டாக. சீனா வைத்தியத்துக்கே அசையாத வயிறு, இனி எதுக்குக் காத்திருக்கணும்னு. தை மாசம் எங்க வீட்டுக்காரவுகளுக்கு ரெண்டாங் கல்யாணம். பொண்ணு சாத்தூருப் பக்கம்."

வரிசை நகர்ந்தது. அவள் கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொண்டாள்.

முகாம் செய்திக்குப் போகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். என்ன கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், அதை அவர்களே நோட்டீஸ் அடித்துத் தருவார்கள். எதை நிறுத்தச் சொன்னார்கள் என்று நோயாளியைக் கேளுங்கள். கிடைக்கிற பதிலை முதல் வரியில் வையுங்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள்.