விதைப்பானை

எங்கள் பெரியம்மா அழகுத்தாய் மழை வந்தால் வாசலுக்கு வரமாட்டாள். ஊரே வானத்தைப் பார்த்து நிற்கும்போது அவள் மட்டும் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

நரிக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். வானம் பார்த்த கரிசல் நான்கு ஏக்கர். அதை நம்பி அண்ணன் தம்பி மூன்று பேர், அவர்கள் பெண்டாட்டிகள், பதினோரு பிள்ளைகள். மூத்தவர் பெரியப்பா இருளாண்டி, நடுவில் சின்னச்சாமி, கடைசி என் அப்பா. விதைத் தானியம் மூத்த மருமகள் பொறுப்பு என்பது வீட்டு வழக்கம். நல்ல கதிராகப் பார்த்து எடுத்து, சாம்பல் பிசறி, பானையில் போட்டு, வாயை மண்ணால் பூசி வைப்பாள். ஆண்கள் அதைத் தொடமாட்டார்கள். மழை பொய்த்த மூன்று வருடத்தில் பிள்ளைகள் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றன. அப்போதும் பெரியம்மா அந்தப் பானையைத் திறக்கவில்லை.

சுதந்திரம் வந்த வருடம் ஐப்பசி பிறந்தும் ஒரு தூறல் இல்லை. கம்பம் பக்கம் போனால் கூலி வேலையாவது கிடைக்கும் என்று பெரியப்பா முடிவெடுத்தார்.

"இனி இந்த மண்ணுல என்னடா இருக்கு? திரும்பி வாரதா இல்ல" என்று தம்பிகளிடம் சொன்னார். அடுப்படியிலிருந்து பெரியம்மா அதைக் கேட்டாள்.

கேட்டவள் நம்பிவிட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம். பதினேழு வயிறு, ஆறு நாள் பாதை. திரும்பி வராத நிலத்துக்கு விதை எதற்கு? பானையைத் திறந்து, சாம்பலைப் புடைத்து, இரண்டு மரக்கால் கம்பையும் வறுத்து இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் கட்டினாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த கம்பு என்று மற்ற மருமகள்கள் நினைத்துக்கொண்டார்கள்.

புறப்படும்போது பெரியப்பா கேட்டார்: "வெதைய எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்" என்றாள். திரும்பி வராத மனுசன் விதையை ஏன் கேட்கிறார் என்று அப்போதே அவளுக்குத் திக்கென்றது. ஆனால் மாவை மறுபடி கம்பாக்க முடியுமா? வண்டியில் ஏறிவிட்டாள்.

எலும்பு தெரிகிற மாடுகள் மூன்று கூண்டு வண்டிகளை இழுத்துக்கொண்டு போயின. இரண்டாம் நாள் திருச்சுழி தாண்டி அருப்புக்கோட்டைப் பாதையில் வானம் கறுத்தது. முதலில் பொட்டுப் பொட்டாக விழுந்தது, பிறகு கொட்டித் தீர்த்தது. கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகரவில்லை. கூண்டுப் பாய் ஒழுகியது. உள்ளே பிள்ளைகள் நனைந்துகொண்டே மாவைத் தின்றன. ஆண்கள் இறங்கிச் சக்கரத்தைத் தள்ளினார்கள். தள்ள முடியாமல் சேற்றில் விழுந்து சிரித்தார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் சிரித்தது அன்றைக்குத்தானாம்.

"அண்ணே, ஒரு முழத்துக்கு ஈரம் எறங்கிருச்சு! கெழக்க நம்ம ஊர்ப் பக்கமும் இருட்டிக்கிட்டுக் கெடக்கு!" என்று கத்தினார் சின்னச்சாமி.

"திருப்புலே வண்டிய! மூணு நாள்ல வெதச்சுப்புடலாம்" என்றார் பெரியப்பா.

பெரியம்மா இறங்கி வந்து முன்வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டாள். "திருப்பாதீக."

"ஏன்?"

மாவு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்துக் காட்டினாள். "வெத இதுதான்."

யாரிடமாவது வாங்கலாம் என்று என் அப்பா ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார். மழை விழுந்த பிறகு, தன் காட்டில் விதைத்து முடிக்கும்வரை எங்கள் பக்கத்தில் ஒருவரும் விதையை வெளியே கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் விளைச்சலும் அதோடு போய்விடும் என்று பயம். அவர்கள் முடிக்கும்போது மண்ணில் ஈரம் இருக்காது.

பெரியப்பா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருக்கலாம். "மேக்கயே விடுங்கடா" என்று மட்டும் சொன்னார். மிச்சப் பாதை முழுக்க மழை. இடையிடையே மழை விட்டு வானம் வெறித்தபோது இரண்டு பக்கமும் ஆட்கள் ஏர் பூட்டி விதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாட்டின் முதுகையே பார்த்து ஓட்டினார். பெரியம்மா வண்டியில் ஏற மறுத்துப் பின்னால் நடந்தே வந்தாள். அந்த மாவில் ஒரு பிடிகூட அவள் வாயில் வைக்கவில்லை.

அதன்பிறகு நாற்பது வருடம் கம்பம் பக்கம் அவள் அடுத்தவர் வயலில்தான் களை எடுத்தாள். ஊர் நிலம் கை மாறிப்போனது. விதையைத் தின்னக் கொடுத்தவள் என்ற பேர் மட்டும் மாறவே இல்லை. பெரியப்பா சாகும்வரை அவளிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பெருந்தன்மை என்பார்கள் எங்கள் வீட்டில். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மழை நாளில் அடுப்படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"திரும்பி வாரதில்லன்னு அவுக சொன்னாக. நான் நம்புனேன் தாயி. அவுகளே அத நம்பலையே."