வளையல் ஏறாத கை

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆவணி மாசம். உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கிற என் மாமியார் வீட்டு வாசல்ல பந்தல் போட்டு, எனக்கு வளைகாப்பு நடந்தது. அப்போதான் ஒன்பதாம் மாசம் பிறந்திருந்தது. அந்தக் காலைப்பொழுதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் ஆத்திரம்தான் வருது.

அதுக்கு முன்னாடி ஒரு வாரமாவே கால் வீங்கிக் கிடந்தது. என் செருப்பு நுழையாம வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தேன். புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்னு மாமியார் சொல்லிட்டாங்க. நீர் கோத்துக்கிட்டிருக்கு, தண்ணியைக் குறைச்சுக் குடின்னு நாத்தனார் வைத்தியம் சொன்னாங்க. தாகத்துல நாக்கு வறண்டாலும் அரை டம்ளரோட நிறுத்திக்கிட்டேன். சரி, கால் வீக்கம் எல்லாருக்கும் வரும். ஆனா முகமும் விரலும் திடீர்னு உப்பினப்போகூட, முகத்துல களை வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டாங்களே, அதை என்ன சொல்ல? அந்த வாரம் நர்ஸம்மா செக்கப்புக்கு வரச் சொன்ன அன்னிக்குத்தான் நாங்க காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். ஃபங்ஷன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னார் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன்.

வளைகாப்பு அன்னிக்கு எழுந்திருக்கும்போதே தலை பிளந்தது. கண்ணு முன்னாடி பொட்டுப் பொட்டா ஏதோ மின்னிச்சு. என்னைப் பெத்த அம்மாகிட்ட சொன்னேன். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, சம்பந்தி வூட்டு ஜனம்லாம் வந்துகினு கீது"ன்னு காதுக்குள்ள சொல்லிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

பஜார்ல வளையல் கடை வெச்சிருக்கிற ஒரு அக்கா பெட்டியோட வந்திருந்தாங்க. பத்து நாள் முன்னாடி அவங்க கடையிலதான் என் கைக்கு அளவு பார்த்தோம். ரெண்டு நாலு சைஸ் சரியா இருந்தது. இப்போ அது விரல் முட்டியைத் தாண்டலை. ரெண்டு ஆறும் ஏறலை. ரெண்டு எட்டுல ஒண்ணு உடைஞ்சு கையைக் கீறிடுச்சு. நாத்தனார் சோப்புத் தண்ணி கொண்டாந்து தேய்ச்சாங்க. சுத்தி ஒரே சிரிப்பு. "சிரிங்கம்மா, இங்க பாருங்க"ன்னார் போட்டோ எடுக்கிறவர். நானும் சிரிச்சேன்.

அந்த அக்கா மட்டும் சிரிக்கலை. என் புறங்கையில கட்டைவிரலை வெச்சு அழுத்தினாங்க. விழுந்த குழி அப்படியே நின்னுச்சு.

"தல வலிக்குதா? கண்ணு மங்குதா?"

அன்னிவரைக்கும் யாருமே கேக்காத கேள்வி. ஆமான்னேன். சட்டுனு பெட்டியை மூடிட்டாங்க.

"இந்தக் கைக்கு நான் வளையல் போட மாட்டேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போங்க."

"நல்ல நேரம் இன்னும் அரை மணிதான் கீது. நீ இன்னா டாக்டரா? வந்த வேலையப் பாரு"ன்னாங்க மாமியார்.

"எங்க வூட்டுல இப்டி ஒரு சாவு பாத்துட்டேன்மா. இன்னொண்ணு பாக்க மாட்டேன்."

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். "பந்தி முடிஞ்சதும் நானே கூட்டிகினு போறேன்"னார். பந்தியாம்! எனக்குள்ள ஏதோ அறுந்துடுச்சு. மாலையைக் கழட்டி நாற்காலியில போட்டுட்டு எழுந்தேன். அந்த அக்கா பெட்டியைக்கூட எடுக்காம, தான் வந்த ஆட்டோவுல என்னை ஏத்தினாங்க. அம்மா அப்போதான் செருப்புகூடப் போடாம ஓடி வந்து ஏறினாங்க.

ஆஸ்பத்திரியில நர்ஸ் பிபியை ரெண்டு தடவை பார்த்துட்டு, "இத்தினி நாள் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"ன்னு கத்தினாங்க. ஊசி போட்டு, நூத்தியெட்டுல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. சாயந்திரமே ஆபரேஷன். வீக்கம், தலைவலி எல்லாம் பிபி ஏறினதோட அறிகுறி, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா வலிப்பு வந்திருக்கும், ரெண்டு உயிரும் போயிருக்கும்னார் டாக்டர். உள்ளங்கை அகல முதுகோட மகள் பிறந்தா. பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில இருந்துட்டு என் மடிக்கு வந்தா.

பெட்டியை எடுக்கத் திரும்பிப் போன அந்த அக்காவை, நல்ல காரியத்தைக் கெடுத்தவள்னு எங்க வீட்டுல திட்டி அனுப்பினாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. குழந்தையைத் தூக்கிக்கிட்டு நன்றி சொல்லப் போனேன். அழுதேன். அவங்க கொஞ்சலை, முறைச்சாங்க.

"அத்தினி பேரு சுத்தி நின்னாங்களே, வலிக்குதுன்னு நீ ஏன் கத்தல? போட்டோவுக்குச் சிரிச்சுகினு ஒக்காந்திருந்தியே!"

அவ்வளவு நாளும் எல்லார் மேலயும் இருந்த கோபம் சுருக்குனு என் மேல திரும்பிச்சு.

எங்க வீட்டுல இன்னிக்கும் அதை வளைகாப்பு பாதியில நின்னுபோன கதையாத்தான் சொல்றாங்க. நான் இப்பல்லாம் விடறதில்லை, அந்த இடத்திலேயே குறுக்கே பேசிடுவேன். பஸ்ல முகம் வீங்கின புள்ளத்தாச்சி யாரைப் பார்த்தாலும், "பிபி பாத்தியாம்மா?"ன்னு கேட்டுடுறேன்; முறைக்கிறவங்க முறைக்கட்டும், அன்னிக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருத்தங்க என்கிட்ட கேட்டதாலதான் என் மகளுக்கு அம்மான்னு கூப்பிட நான் இருக்கேன்.