இல்லாத வாயு

தாம்பரத்தில் நான் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது எனக்கு வழிகாட்டியாக இருந்தவர், கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வரும் ஒரு மேடம். எந்த வரைபடத்தையும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுத்தான் படிப்பார்.

தொலைதூரக் கோள் ஒன்றின் காற்றில், உயிர்கள் வெளியிடும் வாயு இருப்பதாக நினைத்திருந்தோம். திரும்பக் கணக்கிட்டபோது, நிறமாலையில், அதாவது கோளின் ஒளியைப் பிரித்துப் பார்த்த வரைபடத்தில், அந்த வாயுவின் அடையாளம் என்று நாங்கள் நினைத்த பள்ளம், உயிர்கள் இல்லாமலும் உண்டாகும் வெறும் மீத்தேனாலேயே வரக்கூடியது என்று தெரிந்தது. அவரிடம் காட்டினேன்.

“நீ சொல்றது சரிதாம்மா. கட்டுரையிலேர்ந்து அந்த வாயுவை எடுத்துடலாம்” என்றார். நம்பினேன்.

சில வாரம் கழித்து, வண்டலூர் போகும் ரயிலில் போனைத் திறந்தால் எங்கள் கட்டுரை ஓர் ஆய்விதழின் இணையதளத்தில் வந்திருந்தது. வாயு அப்படியே இருந்தது. முதல் பெயர் என்னுடையது.

மறுநாள், “இல்லைன்னு ஒத்துக்கிட்டீங்களே மேடம்?” என்று கேட்டேன்.

“இல்லைன்னு எழுதினா யாரு படிப்பாங்க? உன் பேரைத்தானே முதல்ல போட்டேன்.”

அன்றே என் பெயரை நீக்கச் சொல்லி இதழுக்கு எழுதினேன். பிறகு வேறு இடத்துக்கு விண்ணப்பித்தேன். நான் கேட்காமலே அவர் அங்கே ஒரு சிபாரிசுக் கடிதம் அனுப்பியிருந்தார். ‘பொய்க்குக் கையெழுத்துப் போடாத பெண்’ என்று அதில் இருந்தது. எந்த மனதோடு அதை எழுதினார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.