நிரப்பாத வட்டம்

எங்கள் தீவின் சூஃப்ரியேர் ஊரில் பள்ளிச் சீருடை தைக்கும் வெர்லினா அக்காவுக்குக் கணக்கு டீச்சராக வேண்டும் என்பதுதான் ஆசை. தேர்வுகளையெல்லாம் எழுதித் தேறிவிட்டாள். தலைநகர் காஸ்ட்ரீஸில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நேர்முகம் மட்டும் பாக்கி. வயது வரம்பைப் பார்த்தால் அதுவே கடைசி வாய்ப்பு.

எதிர்வீட்டுக்காரியான என்னை எதிரே உட்கார வைத்து, தையல் மேசையிலேயே ‘சார்பு’ பாடம் நடத்திப் பழகினாள்: ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடை இருந்தால்தான் அது சார்பு. ஆங்கிலத்தில் தொடங்குவாள், சூடு பிடித்தால் எங்கள் வீட்டுப் பேச்சான கிரியோலுக்குத் தாவிவிடுவாள்.

“எங்கப்பன எடுத்துக்கோ. ஒரு ஆளு, ரெண்டு வீடு. அது சார்பு இல்லடி, வெறும் உறவு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வீட்டுல கெடந்தா? தாராளமா சார்புதான்.”

“உங்கப்பா காதுல விழப்போகுது, அக்கா.”

“விழட்டும். எந்த வீட்டுல இருக்காரோ!”

வரைபடத்தின் மேல் அளவுகோலை நட்டக்குத்தலாக வைத்து மெல்ல நகர்த்துவாள். எங்கேயாவது அது இரண்டு புள்ளிகளைத் தொட்டால் சார்பு இல்லை. அவ்வளவுதான் சோதனை.

நேர்முகத்துக்குத் துணைக்குப் போனேன். கதவு திறந்திருந்ததால் வராந்தாவிலிருந்தே எல்லாம் தெரிந்தது. நேர்முகம் எடுத்த அம்மாள் கரும்பலகையில் படிக்கட்டு போல ஒரு வரைபடம் போட்டு, இது சார்பா என்று கேட்டாள். ஒரு படி முடியுமிடத்தில் நிரப்பிய புள்ளி. அதற்கு நேர் மேலே, அடுத்த படி தொடங்குமிடத்தில் நிரப்பாத வட்டம். அக்கா அளவுகோலை வைத்தாள்.

“ரெண்டு எடத்துல தொடுது மேடம். சார்பு இல்ல.”

“நல்லா பாத்துச் சொல்லுங்க.”

“பாத்துட்டேன் மேடம்.”

அந்த அம்மாள் பலகையை அழித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

திரும்பும் வழியில், கனரீஸ் வளைவில் வேன் சாய்ந்தபோது, அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அந்த வட்டம் காலியாத்தான இருந்துச்சு?”

“ஆமாக்கா.”

“காலின்னா அங்க புள்ளியே இல்லடி. கோடு தொட்டது ஒண்ணத்தான். அது சார்பு.”

துணியில் பட்டனுக்கு நிரப்பிய புள்ளியும் காஜாவுக்குக் காலி வட்டமும் குறித்துப் பழகிய கை அது. தையலில் இரண்டுமே கணக்கில் உண்டு.

“எறங்கித் திரும்பிப் போய்ச் சொல்லலாமா?” என்றேன்.

“என்னன்னு? நான் தையக்காரின்னா?”

அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று.

பள்ளி திறக்குமுன் சீருடைக்கு அளவு கொடுக்க மகளோடு வந்த ஒரு தாய், “இவளுக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் குடேன் வெர்லினா. நீ சொன்னா மண்டையில ஏறும்ங்கறாங்க” என்றாள்.

அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் தோளை அளக்கத் தொடங்கினாள்.